கொழுக்க வைப்பது வளர்ப்பதாகுமா?

நமது ஊர்களில் ஒரு வீட்டிலே குழந்தை பிறந்து மூன்று திங்கள் கழிந்துவிட்டால், பார்க்க வருவோர் அனைவரும் கேட்கும் கேள்வி ஒன்றே: "பிள்ளை என்ன நிறை?" நிறை கூடியிருந்தால் தாய்க்குப் புகழ், குறைந்திருந்தால் தாய்க்கு வசை. அயல்வீட்டுப் பிள்ளையின் மடிப்பு விழுந்த தொடையையும் உப்பிய கன்னத்தையும் காட்டி, "அதைப் பார் பிள்ளை, உன்ரை குழந்தை ஏன் இப்படிக் கிடக்குது?" என்று மாமி கேட்பார். அன்று மாலையே கடைக்கு ஆள் போகும். பால்மாத் தகரம் வீட்டுக்கு வரும். அந்தத் தகரத்தோடு வீட்டுக்குள் நுழைவது வேறு என்ன என்பதை எண்ணிப் பார்ப்பார் எவரும் இலர்.

தகரம் வந்த வீட்டிலே குழந்தை கொழுக்கிறது. தாய் மகிழ்கிறாள், மாமி மனநிறைவு அடைகிறார், வியாபாரி இலாபத்தைக் கணக்கிடுகிறான். அந்தக் கொழுப்பு வளர்ச்சியா, அல்லது நாற்பது வயதில் வட்டியோடு கட்டவேண்டிய கடனா? இக்கேள்வியைக் கேட்க நமது படித்தவர்கள் தயங்குகிறார்கள். கேட்டுச் சட்டம் செய்யவேண்டிய அரசு அரைக்கண் மூடியிருக்கிறது. ஆகவே நாம் கேட்கிறோம்.

"நாட்டிலே மெலிந்த பிள்ளைகள் இத்தனை பேர் இருக்க, கொழுத்த பிள்ளைகளைப் பற்றி இப்போது என்ன பேச்சு?" என்று சிலர் சினக்கக்கூடும். அச்சினம் நியாயமானதே. 2016ஆம் ஆண்டு இலங்கையில் எடுக்கப்பட்ட குடித்தொகை, சுகாதார அளவீட்டின்படி 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்குப் 17 பேர் வயதுக்கேற்ற உயரமின்றியும், 15 பேர் உயரத்துக்கேற்ற நிறையின்றியும் இருந்தனர். மிகைநிறை கொண்டவர்கள் நூற்றுக்கு 2 பேர் மட்டுமே. இக்கணக்கை நாம் மறைக்கவில்லை. ஆனால் உலகம் எத்திசையில் போகிறது என்பதையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டில் உலகத்தில் 5 முதல் 19 வயது வரையுள்ளோரில் உடற்பருமன் உடையோர் நூற்றுக்கு 3 பேர். நிறை குறைந்தோர் ஏறத்தாழ 13 பேர். 2025இல் யுனிசெப் வெளியிட்ட கணக்கிலே பருமன் 9.4, நிறைக்குறைவு 9.2. வரலாற்றில் முதன்முறையாகக் கொழுத்தோர் தொகை மெலிந்தோர் தொகையை முந்திவிட்டது. வெள்ளம் வாசலுக்கு வந்தபின் வரம்பு கட்டும் கமக்காரனை அறிவாளி என்று எவரும் சொல்லார்.

மெலிவும் கொழுப்பும் இரு வேறு பகைவர் என்று எண்ணுவதும் தவறு. ஒரே தகரம் இரண்டையும் செய்யவல்லது. வசதியுள்ள வீட்டிலே, "பிள்ளைக்குக் காணாது" என்று கரண்டியைக் குவித்துப் போடுகிறார்கள். வறிய வீட்டிலே, "தகரம் மாதக்கடைசி வரை வரவேண்டும்" என்று தண்ணீரைக் கூட்டுகிறார்கள். 2021, 2022ஆம் ஆண்டுகளில் பால்மாவுக்கு இந்நாட்டு மக்கள் வரிசையில் நின்ற காட்சியை மறந்தோமா? தாயின் மார்பிலே அளவு தவறுவதில்லை, விலையும் ஏறுவதில்லை.

இனி, கணக்குக்கு வருவோம். குழந்தையின் உடலும் ஒரு வரவு செலவுப் புத்தகமே. உணவால் வரும் சக்தி வரவு. உயிர் தரிக்கவும், உடற்சூடு காக்கவும், கைகால் அசைக்கவும், புதுத் தசையும் எலும்பும் கட்டவும் ஆவது செலவு. செலவுக்கு மிஞ்சிய வரவை உடல் கொழுப்பாகச் சேமித்துவைக்கும். ஓரளவு கொழுப்பு குழந்தைக்கு இயற்கை தந்த காப்பு. அதை எவரும் குறை கூறவில்லை. அளவுக்கு மிஞ்சிக் குவிப்பதையே குறை கூறுகிறோம்.

பிறந்த முதல் மாதத்தில் குழந்தை பெறும் சக்தியில் நூற்றுக்கு 40 பங்கு வளர்ச்சிக்கே செலவாகிறது. முதலாண்டு முடியும்போது அது நூற்றுக்கு 3 பங்காகச் சுருங்கிவிடுகிறது. முதல் மாதத்தில் ஒரு கிலோ நிறைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 110 கிலோக்கலோரி வேண்டிய குழந்தைக்கு, ஆறாம் மாதத்தில் 80 போதும். இந்தக் கணக்கு 2001இல் உலக சுகாதார ஸ்தாபனமும் ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனமும் கூட்டிய நிபுணர் குழு வகுத்தது. அதற்கு முன், 1985இல் வகுத்த கணக்கு பத்தில் ஒரு பங்குக்கு மேல் கூடுதலாக இருந்தது. பழைய கணக்கு குழந்தைகள் உட்கொண்டதைக் கொண்டு வகுக்கப்பட்டது. புதிய கணக்கு குழந்தைகள் செலவிட்டதை அளந்து வகுக்கப்பட்டது. அறிஞர்களே ஒரு காலத்தில் குழந்தைக்கு அளவுக்கு மேல் அளந்தார்கள் என்றால், பாட்டிமாரைக் குறை சொல்வானேன்?

ஆறு மாதக் குழந்தை ஒன்று ஏழரைக் கிலோ நிறை என்று வைத்துக்கொள்வோம். அதற்கு நாளொன்றுக்கு வேண்டியது 600 கிலோக்கலோரி. பால்மாக் கரண்டி ஒன்றில் ஏறத்தாழ நாலரைக் கிராம் மா; அதில் 22 கிலோக்கலோரி. ஐந்து வேளைப் போத்தலிலும் வேளைக்கு ஒரு கரண்டி மேலதிகமாகப் போட்டால், நாளொன்றுக்கு 110 கிலோக்கலோரி கூடிவிடுகிறது. தேவையில் ஆறில் ஒரு பங்குக்கும் அதிகம்! ஒரு வளர்ந்த மனிதன் தன் மூன்று வேளைச் சோற்றோடு நாள்தோறும் இன்னும் அரைவேளைச் சோற்றை வலிந்து உண்பதற்கு இது ஒப்பாகும். அன்பின் பெயரால் ஒரு கரண்டி, அவ்வளவுதான்.

அடுத்து, எல்லாத் தாய்மாரும் சொல்லும் முறைப்பாடு ஒன்றுண்டு: "பிள்ளைக்கு ஒரு வயது ஆன பிறகு சாப்பாடே செல்லுதில்லை." பிறந்தபோது 3.3 கிலோ இருந்த ஆண்குழந்தை ஓராண்டில் 9.6 கிலோவை எட்டுகிறது. இரண்டாம் ஆண்டு முழுவதிலும் அது ஏறுவது ஏறத்தாழ இரண்டரைக் கிலோ மாத்திரமே. வளர்ச்சியின் வேகம் தணியும்போது பசியின் வேகமும் தணிகிறது. இது நோயன்று, இயற்கை. ஆனால் நாம் என்ன செய்கிறோம்? கைத்தொலைபேசியிலே படம் காட்டி, பிள்ளை வாய் திறந்த வேளையில் கவளத்தைத் திணிக்கிறோம். தலையைத் திருப்பினால் கன்னத்தைப் பிடிக்கிறோம். "போதும்" என்று சொல்லத் தெரிந்த உயிருக்கு "போதும்" என்ற உணர்வையே மறக்கடிக்கிறோம். அந்த உணர்வை ஒரு முறை இழந்தவன், பின்னர் எத்தனை வைத்தியர் எத்தனை உணவுப் பட்டியல் எழுதிக் கொடுத்தாலும் அதை எளிதில் மீட்கமாட்டான்.

இவ்வளவுக்கும் அளவுகோலே ஒரு காலத்தில் கோணலாக இருந்தது என்பதைப் பலர் அறியார். 1977இல் அமெரிக்காவில் வகுக்கப்பட்டு உலகெங்கும் பரவிய வளர்ச்சி வரைபு, பெரும்பாலும் போத்தல் பால் குடித்த அமெரிக்கக் குழந்தைகளை அளந்து எழுதப்பட்டது. தாய்ப்பால் குடிக்கும் குழந்தை முதல் சில மாதங்களுக்குப் பின் நிறையிலே சற்று மெதுவாக ஏறும். அதுவே அதன் இயல்பு. அந்த வரைபிலே வைத்துப் பார்த்தபோது, நலமாயிருந்த குழந்தைகள் பின்தங்கியவைபோலத் தோன்றின. "பால் போதாது, மா கொடுங்கள்" என்ற ஆலோசனை பிறந்தது. பிழை வரைபிலே, தண்டனை தாய்க்கு! உலக சுகாதார ஸ்தாபனம் பிரேசில், கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் தாய்ப்பால் அருந்திய குழந்தைகளை அளந்து, 2006இல் புதிய வரைபை வெளியிட்டது. இன்று கிளினிக் புத்தகங்களில் இருப்பது அதுவே. வரைபு மாறிவிட்டது; நமது கண் இன்னும் மாறவில்லை.

போத்தல் பாலிலும் ஒரு நுட்பம் உண்டு. தாய்ப்பாலில் 100 மில்லிலீற்றருக்கு ஏறத்தாழ 1 கிராம் புரதம். பசுப்பாலில் அதைப்போல் மூன்று மடங்கு. ஜேர்மனி, பெல்ஜியம், இத்தாலி, போலந்து, ஸ்பெயின் ஆகிய ஐந்து நாடுகளில் ஒரு பரிசோதனை நடந்தது. போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளை இரு கூறாக்கி, ஒரு கூற்றுக்குப் புரதம் மிகுந்த மாவும் மறு கூற்றுக்குப் புரதம் குறைந்த மாவும் முதலாண்டில் கொடுத்தார்கள். இரண்டிலும் சக்தி ஒரே அளவு; இரண்டும் அக்காலச் சட்டம் அனுமதித்தவையே. ஆறு வயதில் பார்த்தபோது, புரதம் மிகுந்த மாவைக் குடித்த பிள்ளைகளிடையே உடற்பருமன் இரு மடங்குக்கும் மேல் இருந்தது. முதலாண்டில் போட்ட உரம் ஆறாம் ஆண்டில் முளைவிட்டது!

கமக்காரருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெங்காயப் பாத்திக்கு யூரியாவை அள்ளி வீசினால் தாள் கருகருவென்று செழிக்கும். வழிப்போக்கன் பார்த்து, "ஆகா, என்ன விளைச்சல்!" என்பான். கிண்டி எடுத்துக் கட்டித் தூக்கும்போதல்லவா தெரியும், பிடி பிடியாய் அழுகுவது! நெல்லுக்கு அளவு மீறி இட்டால் கதிர் முற்றுமுன் பயிர் சாய்ந்துவிடும். மண்ணிலே இந்த உண்மையை அறிந்த கைகள் மடியிலே அதை மறப்பது ஏன்?

நமது இனத்தார்க்கு, ஏன், தெற்காசிய மக்கள் அனைவர்க்குமே, இவ்விடயத்தில் கூடுதலான ஆபத்து உண்டு. இந்தியாவின் பூனா நகரில் வைத்தியர் யாஜ்னிக் அவர்களும் துணைவரும் அங்கே பிறந்த குழந்தைகளை இங்கிலாந்தின் சவுதாம்ப்ரன் நகரக் குழந்தைகளோடு ஒப்பிட்டார்கள். பூனாக் குழந்தையின் சராசரி நிறை 2.7 கிலோ, ஆங்கிலக் குழந்தையின் நிறை 3.5 கிலோ. பூனாக் குழந்தையிடம் தசை குறைவு; ஆயினும் தோலின் கீழுள்ள கொழுப்பு அவ்வளவாகக் குறையவில்லை. வெளிக்கு மெலிவு, உள்ளே கொழுப்பு! இத்தகைய குழந்தையை, "மெலிந்து பிறந்ததே" என்று அவசர அவசரமாகக் கொழுக்கவைத்தால், கூடுவது தசையாக இராமல் கொழுப்பாகிவிடலாம். நீரிழிவு நுழையாத தெரு நமது ஊர்களில் எங்கே இருக்கிறது என்று வாசகர்களே எண்ணிச் சொல்லுங்கள். அந்நோய்க்கு நாற்பதில் மருந்து தேடுகிறோம். அதன் வேரில் ஒரு கிளை தொட்டிலுக்குள் கிடக்கிறது.

இங்கே ஒன்றை நேர்மையோடு சொல்லவேண்டும். தாய்ப்பால் கொடுத்துவிட்டால் பிள்ளை ஒருநாளும் பருக்காது என்று நாம் சொல்லவில்லை. பெலாரஸ் நாட்டில் 1996, 1997ஆம் ஆண்டுகளில் பிறந்த 17,000 குழந்தைகளைக் கொண்டு நடந்த பெரும் பரிசோதனையில், தாய்ப்பாலூட்டலை ஊக்குவித்த பகுதியிலும் ஊக்குவியாத பகுதியிலும் பதினொரு வயதளவில் பருமன் குறைந்ததாகக் காணப்படவில்லை. தொற்றுநோய்க்கு எதிரான காப்பு, தாய்சேய் உறவு, செலவின்மை என்று தாய்ப்பாலுக்கு வேறு பெருமைகள் போதிய அளவு உண்டு. பொய்ப் பெருமை தேவையில்லை. பருமனைத் தடுப்பது ஒரு தனிப் பொருளின் மந்திரத்தால் ஆவதன்று. வரவும் செலவும் ஒத்துநிற்கவேண்டும். பிள்ளையின் பசிக்கும் நிறைவுக்கும் பெரியவர்கள் மதிப்பளிக்கவேண்டும். சீனி விலகி நிற்கவேண்டும். பிள்ளை தவழவும் உருளவும் நிலம் வேண்டும். பால் சுரவாத தாயையோ, நோயால் ஊட்ட முடியாத தாயையோ குற்றக் கூண்டில் ஏற்றுவதும் நமது நோக்கமன்று. அவர்களுக்கு வேண்டியது சரியான மாவும், சரியான அளவும், இரக்கமுள்ள ஒரு மருத்துவிச்சியுமே.

குற்றக் கூண்டில் நிற்கவேண்டியோர் வேறு இருக்கிறார்கள்.

1939இல் சிங்கப்பூரில் ரோட்டரிக் கழகத்தார் முன் சிசிலி வில்லியம்ஸ் என்ற பெண் வைத்தியர் பேசினார். சீனி சேர்த்த கட்டிப்பாலைக் குழந்தை உணவென்று விற்பதைக் கண்டு கொதித்து, தமது பேச்சுக்கு அவர் இட்ட பெயர் "பாலும் கொலையும்". நாற்பத்திரண்டு ஆண்டுகள் கழித்தே உலகம் விழித்தது. 1981 மே மாதம் உலக சுகாதார மாநாடு தாய்ப்பாலுக்குப் பதிலான பண்டங்களின் விற்பனை ஒழுக்கக்கோவையை நிறைவேற்றியது. ஆதரவு 118 வாக்கு. எதிர்ப்பு ஒரே வாக்கு. அந்த ஒரு வாக்கு அமெரிக்காவினது! பொதுமக்களுக்கு விளம்பரம் செய்யக்கூடாது, இலவச மாதிரி கொடுக்கக்கூடாது, தகரத்தில் குழந்தைப் படம் போடக்கூடாது என்றது கோவை. இலங்கை 1983இலேயே தனது கோவையை வகுத்தது. அதன் பயனாகவும் நமது மருத்துவிச்சிமாரின் உழைப்பாலும், 2016ஆம் ஆண்டில் இந்நாட்டில் ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 82 பேர் தாய்ப்பால் மட்டுமே அருந்தினர். பெருமைப்படத்தக்க செயல், அதைப் பாராட்டத் தயங்கமாட்டோம்.

ஆனால் வாசலை அடைத்தால் வணிகன் வேலியால் வருகிறான். பிறந்த குழந்தைக்கு விளம்பரம் கூடாதென்றால், "வளரும் பிள்ளைக்குப் பால்" என்று அதே பெயரில், அதே நிறத்தில், இன்னொரு தகரம் வருகிறது. ஆகவேதான் 2016இல் உலக சுகாதார மாநாடு 36 மாதம் வரையுள்ள பிள்ளைகளுக்கென விற்கும் பால்களையும் இக்கட்டுப்பாட்டுக்குள் கொணரும் வழிகாட்டலை வரவேற்றது. பத்திரிகை வாயடைக்கப்பட்டால் கைத்தொலைபேசி வாய் திறக்கிறது. 2022இல் அதே ஸ்தாபனமும் யுனிசெப்பும் எட்டு நாடுகளில் 8,500 பெற்றோரையும் கருவுற்ற பெண்களையும் விசாரித்தபோது, பாதிக்கு மேற்பட்டோர் பால்மா விளம்பரத்தின் பிடிக்குள் வந்தவர்களாக இருந்தனர்.

2024 ஏப்ரலில் சுவிற்சர்லாந்தின் பப்ளிக் ஐ என்ற அமைப்பு இன்னொரு செய்தியை அம்பலப்படுத்தியது. நெஸ்லே நிறுவனம் தனது சொந்த நாடாகிய சுவிற்சர்லாந்தில் சீனி சேர்க்காது விற்கும் குழந்தைத் தானிய உணவில், ஆசிய, ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் சீனி சேர்த்து விற்பதாக அது காட்டியது. அவ்வந்நாட்டுச் சட்டத்துக்கு இணங்கியே விற்கிறோம் என்றது நிறுவனம். நமது வாதமும் அதுதானே! சட்டம் இடங்கொடுக்கிறது, ஆகவே அவர்கள் இனிப்பூட்டுகிறார்கள். சுவிஸ் குழந்தையின் நாவுக்கு வேண்டாத சீனி கறுத்த குழந்தையின் நாவுக்கு மாத்திரம் ஏன் வேண்டும்? 2016இல் மென்பானப் போத்தலுக்கு நிறக்குறி இட்டு, 2017இல் அதன் சீனிக்கு வரியும் விதித்த நமது அரசு, ஆறு மாதக் குழந்தையின் கிண்ணத்தை மாத்திரம் எட்டிப் பாராதிருப்பது என்ன நியாயம்?

இன்னொரு கேலிக்கூத்தும் உண்டு. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு என்று சுவரெல்லாம் எழுதிவைக்கும் அரசு, தனியார் துறையில் உழைக்கும் தாய்க்குச் சம்பளத்தோடு தரும் விடுமுறை 84 நாள்! அவற்றை வேலை நாள்களாகவே எண்ணினாலும் ஏறத்தாழ நான்கு மாதம். எஞ்சிய இரண்டு மாதம் பாலை யார் ஊட்டுவது? கட்டளையிட்ட அமைச்சரா? இந்த 84 நாளும் 2018 வரை மூன்றாம் பிள்ளைக்குக் கிடைக்கவில்லை. வயலிலே நாட்கூலிக்கு நிற்கும் பெண்ணுக்கோ ஒரு நாளும் இல்லை. அவள் களை பிடுங்கும் வரம்பருகே போத்தலோடு கிடக்கும் குழந்தையைப் பார்த்து, "அறியாமை" என்று பேசும் படித்தவர்கள் முதலில் இக்கணக்கைப் படிக்கட்டும்.

படித்த பெருமக்களே! போத்தலை நாகரிகமாக்கியது கூலிக்காரி அல்லள், நீங்கள்தான். உங்கள் வீட்டு மேசையில் தகரத்தைக் கண்டே ஊர் அதை உயர்வென்று எண்ணியது. வைத்தியர்களே, கம்பனிக்காரன் தரும் விருந்தையும் நாட்காட்டியையும் மறுத்துவிடுங்கள். தாயிடம் பேசும்போது நிறையை மட்டும் சொல்லாது நீளத்தோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள். நிறை அளவுக்கு மீறி ஏறும்போதும், குறையும்போது தரும் அதே கவனத்தைத் தாருங்கள். ஆசிரியர்களே, சட்டத்தரணிகளே, இதைச் சட்டமாக்கும் கிளர்ச்சிக்கு உங்கள் நாவையும் எழுத்தையும் தாருங்கள்.

கமக்காரப் பெருமக்களே! உங்கள் நிலத்திலே விளைவதை விடச் சிறந்த குழந்தை உணவு எந்தத் தகரத்திலும் இல்லை. ஆறு மாதம் நிறைந்ததும் குழைந்த சோறு, பயறு, பருப்பு, குரக்கன், கீரை, பப்பாசி, முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவற்றை மசித்துக் கொடுக்கலாம். தாய்ப்பாலோடு 6 முதல் 8 மாதம் வரை நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோக்கலோரி, 9 முதல் 11 மாதம் வரை 300, இரண்டாம் வயதில் 550 என்பதே இவ்வுணவிலிருந்து வேண்டியது. சீனியும் வேண்டாம், பனங்கட்டியும் வேண்டாம், விசுக்கோத்தும் சோடாவும் வேண்டவே வேண்டாம். பிள்ளை வாயை மூடினால் கிண்ணத்தை எடுத்துவிடுங்கள். பாயை விரித்துத் தவழ விடுங்கள். இரண்டு வயது வரை கைத்தொலைபேசியைக் கண்ணிற் காட்டாதீர்கள்.

அரசிடம் நாம் கேட்பவை நான்கு. மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கான பால், உணவு அனைத்தின் விளம்பரமும், கைத்தொலைபேசி விளம்பரம் உட்பட, ஐயத்துக்கு இடமின்றித் தடைசெய்யப்படவேண்டும். குழந்தை உணவில் சீனி சேர்ப்பது சட்டவிரோதமாக்கப்படவேண்டும். உழைக்கும் தாய் ஒவ்வொருத்திக்கும் ஆறு மாதச் சம்பள விடுமுறையும், சம்பளமில்லாத வயற்பெண்ணுக்கு அதற்கீடான உதவிப் பணமும் தரப்படவேண்டும். குடும்பநல மருத்துவிச்சி இல்லாத பகுதிகளில் வெற்றிடங்கள் தாமதமின்றி நிரப்பப்படவேண்டும். பணம் இல்லை என்று சொல்வார்கள். நீரிழிவு மருந்துக்கும், இரத்தச் சுத்திகரிப்பு இயந்திரத்துக்கும், வெட்டி எடுக்கும் கால்களுக்கும் ஆகும் பணம் யாருடையது?

அடுத்த முறை ஒரு வீட்டுக்குக் குழந்தை பார்க்கப் போகும்போது, நிறையைக் கேளாதீர்கள். "பிள்ளை சிரிக்குதா? புரளுதா? தாய்க்கு ஓய்வு கிடைக்குதா?" என்று கேளுங்கள். கையிலே தகரம் கொண்டுபோகும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். தாய்க்கு ஒரு நேரச் சோறு கொண்டுபோங்கள். சட்டம் வரும்வரை காத்திராது, இதையாவது நாளைக்கே தொடங்கலாம்.